பத்து நாள் கடலில் பேட்டரி தீராமல் பார்த்துக்கொள்ள

தாய்லாந்தின் ஃபுக்கெட்டிலிருந்து இலங்கையின் காலிக்கு ஏறக்குறைய 1,100 கடல் மைல். 40 அடி பாய்மரப் படகு நாளுக்கு 110, 120 மைல் ஓடினால் ஒன்பது பத்து நாள் பயணம். ஜனவரி முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால், மேற்கே போகும் படகுகள் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் கிளம்புகின்றன. கரையோரம் இரண்டு இரவு சுற்றிவிட்டுத் திரும்பும் படகில் பேட்டரிக் குறை வெளியே தெரியாது. படகுத்துறையில் கரை மின்சாரத்தைச் செருகியதும் எல்லாம் மூடி மறைந்துவிடும். நான்காம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு, காற்று 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) வேகத்தில் அடிக்கையில், தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் 'லோ பேட்டரி' என்று கத்திவிட்டுக் கையை விரிக்கும்போதுதான் தெரியும்.

இப்படி அடிபட்டவர்கள் கரை சேர்ந்ததும் இன்னொரு பேட்டரி வாங்குவார்கள். பெரும்பாலும் அது வீண்செலவு. பேட்டரி ஒரு தொட்டி. தினமும் 250 குடம் இறைத்துவிட்டு 130 குடம் மட்டும் ஊற்றினால், தொட்டியைப் பெரிதாக்குவது வற்றும் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். முதலில் அளவுகருவி, அடுத்து செலவைக் குறைப்பது, அப்புறம் வரவைக் கூட்டுவது, கடைசியாகத்தான் தொட்டி. பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்.

அளக்காமல் ஆகாது

வோல்ட் மீட்டரை மட்டும் நம்ப முடியாது. லெட் ஆசிட் பேட்டரியில் 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி என்ற கணக்கு, லோடும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரிக்குத்தான் பொருந்தும். ஓடும் படகில் பேட்டரிக்கு ஓய்வு ஏது? லித்தியத்தில் நிலைமை இன்னும் மோசம். 80 சதவீதத்திலிருந்து 30 வரை வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

ஷண்ட், அதாவது போகும் வரும் மின்னோட்டத்தை அளக்க உதவும் தடைத்துண்டு, வைத்த பேட்டரி மானிட்டர் வேண்டும். ஷண்ட்டை பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் போட வேண்டும். 'எல்லாவற்றுக்கும்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சோலார் கன்ட்ரோலரின் நெகட்டிவ், அடித்தளத் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் நெகட்டிவ் இவற்றில் ஒன்று நேராக பேட்டரி முனைக்குப் போயிருந்தாலும் அந்த ஓட்டம் கணக்கில் ஏறாது. மூன்றே நாளில் மானிட்டர் சொல்வது ஒன்று, பேட்டரியில் இருப்பது வேறொன்று.

அமைப்பில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்து, சார்ஜ் ஓட்டம் கொள்ளளவின் 4 சதவீதத்துக்குக் கீழே சில நிமிடம் இறங்கினால், மானிட்டர் 'பேட்டரி நிறைந்தது' என்று முடிவு செய்து 100 காட்டும். அந்த வோல்டேஜ் 13.2 என்று தாழ்வாக வைக்கப்பட்டிருந்தால், காலை பத்து மணிக்கு ஒரு மேகம் சூரியனை மறைத்ததும் பேனலின் ஓட்டம் விழும், மானிட்டர் பொய்யாக 100-க்குத் தாவும். உங்கள் சார்ஜர் ஏறும் உச்ச வோல்டேஜ் 14.2 என்றால், மானிட்டரில் 13.9 அல்லது 14.0 வையுங்கள். நேர அளவை 3 நிமிடத்திலிருந்து 10-க்குக் கூட்டுங்கள். இத்தோடு ஒரு டி.சி. கிளாம்ப் மீட்டரும் படகில் இருக்கட்டும். எந்தக் கம்பியில் எவ்வளவு போகிறது என்பதைக் கழற்றாமல் பார்க்க அதுதான் வழி.

ஒரு நாளின் செலவு

12 வோல்ட் படகு, வெப்பமண்டலக் கடல், இரண்டு மூன்று பேர். 24 மணி நேரத்துக்கு ஆம்பியர்-மணிக் கணக்கு, வழக்கில் சொல்வதுபோல் ஏஹெச்:

- ஆட்டோபைலட், சராசரி 3.5 ஆம்பியர்: 84
- ஃப்ரிட்ஜ், ஓடும்போது 5 ஆம்பியர், பாதி நேரம் ஓடும்: 60
- சார்ட்பிளாட்டரும் (கடல் வரைபடத் திரை) காற்று, ஆழம், வேகக் கருவிகளும்: 36
- வி.எச்.எஃப். ரேடியோ கேட்பு நிலையில், கூடவே ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் ஒன்றுக்கொன்று இருப்பிடம் காட்டும் கருவி): 17
- பாய்மரத்து உச்சி எல்.இ.டி. விளக்கு: 3
- ராடார், விட்டுவிட்டு: 10
- விசிறி, ஃபோன், லேப்டாப்: 25
- தண்ணீர் பம்ப், உள்விளக்கு: 8
- சிறிய சாட்டிலைட் இணையப் பெட்டி, 4 மணி நேரம்: 12

மொத்தம் 255. உங்கள் படகின் எண்கள் வேறாக இருக்கும். ஒவ்வொரு கருவியாகப் போட்டு மானிட்டரில் பார்த்து உங்கள் பட்டியலை நீங்களே எழுதுங்கள், விளம்பரத் தாளில் இருப்பதை நம்பாதீர்கள்.

பட்டியலின் முதல் இரண்டு வரிகளே பாதிக்கு மேல் தின்கின்றன. விளக்கை அணை, ஃபோனைக் குறை என்று ஆட்களை விரட்டுவதில் பலன் சொற்பம். பழைய 25 வாட் குண்டு பல்பு உச்சியில் இன்னும் எரிகிறது என்றால் அது வேறு: இரவுக்கு 25 ஏஹெச் போகும், உடனே மாற்றுங்கள். அந்த இணையப் பெட்டியையும் 24 மணி நேரமும் எரியவிட்டால் 12 என்பது 72 ஆகும். இன்றைய படகுகளில் கணக்கு உதைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆட்டோபைலட்டை அடக்குங்கள்

அதே பைலட், அதே படகு, அதே காற்று. பாய் சரியாக இருந்தால் 3 ஆம்பியர், தப்பாக இருந்தால் 6. சோதிப்பது எளிது. பைலட்டை விடுவித்துவிட்டுச் சுக்கானைக் கையில் பிடியுங்கள். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், பைலட்டும் இரவு முழுக்க அதையேதான் செய்துகொண்டிருக்கிறது. பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்குங்கள். பின்காற்றில் இழுப்பு முன்பாயிலிருந்து வந்தால் படகு நேராக ஓடும், பெரிய பாயில் வந்தால் பின்புறம் தள்ளித் திரும்பப் பார்க்கும். வேகத்தில் அரை நாட் குறையலாம், பரவாயில்லை.

அடுத்தது பைலட்டின் 'ரெஸ்பான்ஸ்' அமைப்பு. அலை பின்மூலையிலிருந்து வந்து தூக்கும்போது படகு பத்து டிகிரி விலகித் தானாகத் திரும்பும். உச்ச அமைப்பில் இருக்கும் பைலட் ஒவ்வொரு அலைக்கும் சண்டை போடும். நடு அளவுக்கோ அதற்கும் கீழோ இறக்குங்கள். கிளம்புவதற்கு முன் சுக்கான் கையால் சுற்றும்போது கனமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தேய்ந்த பேரிங்கின் உராய்வையும் மோட்டார்தான் சுமக்க வேண்டும்.

காற்றின் விசையாலேயே சுக்கானைத் திருப்பும் காற்றுத்தகட்டுக் கருவியை (விண்ட்வேன்) பின்புறம் பொருத்த முடிந்தால் 84 என்ற வரி அப்படியே பூஜ்யமாகும். அது மின்சாரமே கேட்காது. விலை அதிகம், ஆனால் அதே பணத்துக்கு வாங்கும் எந்த பேட்டரியும் தினமும் 84 ஏஹெச் தராது.

ஃப்ரிட்ஜைக் கரை மின்சாரத்திலேயே இரண்டு நாள் முன்னதாக ஓட்டி, உள்ளே வைக்கும் சாமான்களையும் குளிர்வித்து அடுக்குங்கள். காலி இடத்தில் உறைந்த தண்ணீர் பாட்டில்கள். கம்ப்ரஸரைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கட்டும். பாய்மூட்டைகளை அதன் மேல் அடுக்கிவிட்டு 'ஓடிக்கொண்டே இருக்கிறது' என்று புலம்பாதீர்கள்.

வரவு: சூரியன், நீர், எஞ்சின்

நல்ல வெயிலில் 100 வாட் பேனல் நாளுக்கு 25 முதல் 33 ஏஹெச் தரும். 400 வாட்டுக்கு 100 முதல் 130. கரையில் அசையாமல் நிற்கும் பேனல் இதைவிடக் கூடத் தரலாம். படகில் பாய் நிழல், ஆட்டம், சூடு எல்லாம் கழியும்.

நிழல் எப்போது விழும் என்பது போகும் திசையைப் பொறுத்தது. காலியை நோக்கி மேற்கே ஓடும்போது காலை வெயில் பின்னாலிருந்து வரும். படகின் பின்புறம் வளைவாக நிற்கும் ஆர்ச் சட்டத்தின் மேல் இருக்கும் பேனலுக்குத் தடையே இல்லை. ஜனவரி நடுவில் நண்பகல் சூரியன் தெற்கே, அதாவது இடப்புறம், 60 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். வடகிழக்குக் காற்றில் படகு இடப்பக்கம் சாய்வதால் பேனலும் சூரியனைப் பார்த்தே சாயும். ஆனால் பாயும் இடப்பக்கம்தான் விரிந்திருக்கும், எனவே இடப்பக்கக் கைப்பிடிக் கம்பியில் கட்டிய பேனல், பெரிய பாயின் அடியைத் தாங்கும் பூம் கட்டையின் நிழலுக்கு வெளியே இருக்கிறதா பாருங்கள். மூன்று மணிக்கு மேல் சூரியன் முன்னால் இறங்க, பாய்களின் நிழல் பின்னோக்கி ஆர்ச்சின் மேல் படுக்கும். அன்றைய வரவு அத்தோடு முடிந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, லேப்டாப் சார்ஜ் போன்றவற்றை 11 மணியிலிருந்து 2 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பியின் விரல் தடிமன் நிழல்கூடப் பேனலின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்யும். பேனல்களைத் தொடராக இணைத்திருந்தால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றையும் இழுக்கும். ஒவ்வொரு பேனலுக்கும் தனி எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலிலிருந்து உச்ச ஆற்றலை எடுக்கும் வகை) என்பதே நல்லது. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்து அப்புறம் பேனல், கழற்றும்போது முதலில் பேனல்.

காற்றாலையை இந்தப் பாதையில் நம்பாதீர்கள். உண்மைக் காற்று 15 நாட், படகு அதே திசையில் 5.5 நாட் ஓடினால் காற்றாலைக்குக் கிடைப்பது 9.5 நாட். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறும் என்பதால் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். நங்கூரமிட்டு நிற்கையில் அது நல்ல கருவி.

பின்புறம் நீருக்குள் இறக்கும் ஹைட்ரோ ஜெனரேட்டர் நேர்மாறு. 5 நாட் ஓட்டத்தில் ஏறக்குறைய 100 வாட், இரவும் பகலும். நாளுக்கு 190 ஏஹெச் வரை வரும். வலைக்கயிறும் மிதக்கும் பிளாஸ்டிக்கும் சுற்றிக்கொள்ளும் என்பதால் இலங்கையின் தென்கரை மீன்பிடிப் பரப்பை நெருங்கும்போது தூக்கிவிட வேண்டும்.

எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் செய்வதில் இரண்டு விஷயம். எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். '100 ஆம்பியர்' என்று எழுதிய சாதாரண ஆல்டர்னேட்டர் சூடேறியபின் தொடர்ந்து தருவது 50, 60. ஒற்றை 10 மில்லிமீட்டர் வி-பெல்ட்டும் அதற்கு மேல் அதிகம் தாங்காது. பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தால் வழுக்குகிறது என்று பொருள். இன்னொன்று, லோடில்லாமல் ஐட்லிங்கில் மணிக்கணக்காக ஓடும் டீசல் எஞ்சினில் கரி சேரும், சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகும். கியர் போட்டு மெதுவாக ஓடவிடுங்கள். படகு சாய்ந்திருக்கையில் குளிர்நீர் உறிஞ்சும் துளை நீருக்கு மேலே வந்துவிடலாம். புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். செலவு 255, 400 வாட் சோலார் 130. தினமும் 125 குறைகிறது. எஞ்சினில் நிரப்பினால் 40 ஆம்பியரில் மூன்று மணி நேரம், மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசல், பத்து நாளைக்கு 45 லிட்டர். அதுவே காற்றுத்தகட்டுக் கருவியும் 600 வாட் பேனலும் இருந்தால் செலவு 171, வரவு 150 முதல் 200. எஞ்சின் மேகமூட்டமான நாளுக்கு மட்டும்.

லெட் ஆசிட்டா, லித்தியமா

400 ஏஹெச் லெட் ஆசிட் என்றால் கடலில் உங்கள் கைக்கு வருவது 140 அளவுதான். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போகும், 85 சதவீதத்துக்கு மேல் ஏற்ற மணிக்கணக்காகும். மாலை நாலரை முதல் காலை எட்டு வரை சூரியன் இல்லாத பதினைந்தரை மணி நேரத்துக்கு மட்டும் 165 ஏஹெச் தேவை. இரவு தாங்காது என்பது கிளம்பும் முன்பே தெரிகிறது. 300 ஏஹெச் லித்தியம், அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 95-ல் தொடங்கி அதே செலவுக்குப் பிறகும் காலையில் 40 சதவீதத்தில் நிற்கும்.

லெட் ஆசிட் வைத்திருப்பவர்கள் எஞ்சினை விடியற்காலையில் ஓட்டுங்கள். பேட்டரி தாழ்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அது ஆம்பியரை வாரி வாங்கும். மேலே உள்ள மெதுவான பகுதியைப் பகல் முழுக்க சோலார் நிரப்பட்டும். மாலையில் எஞ்சினைப் போட்டால் டீசல் எரியும், மீட்டரில் 12 ஆம்பியர்தான் தெரியும். வாரம் ஒருமுறையாவது முழுதாக நிறையாவிட்டால் தகடுகளில் சல்பேட் இறுகிக் கொள்ளளவு சுருங்கும். பேட்டரி அறை 40 டிகிரி இருக்கும் கடலில் சார்ஜ் வோல்டேஜையும் குறைக்க வேண்டும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.025 வோல்ட். சென்சாரை பேட்டரியிலேயே ஒட்டினால் சார்ஜர் தானே பார்த்துக்கொள்ளும்.

பழைய லெட் ஆசிட்டைச் சோதிக்க: முழுதாக ஏற்றி, 20 ஆம்பியர் லோடை ஐந்து மணி நேரம் கொடுத்து, நிறுத்திச் சில மணி நேரம் ஓய்வு விட்டு வோல்டேஜை அளவிடுங்கள். 400 ஏஹெச் உண்மையிலேயே இருந்தால் 12.4 சுற்றி நிற்கும். 12.2 என்றால் உங்களிடம் இருப்பது 200.

லித்தியத்துக்கு மாறும்போது ஆல்டர்னேட்டரை நேராக அதோடு இணைப்பதுதான் பெரிய பிழை. லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கும், ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். அதைவிட மோசமானது, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பி.எம்.எஸ். ஏதோ காரணத்தால் துண்டித்துக்கொண்டால் வெளியேற வழியில்லாத மின்சாரம் வோல்டேஜாகத் துள்ளி ஆல்டர்னேட்டர் டையோடுகளைச் சுட்டுவிடும், சில வேளை கருவிகளையும். ஆல்டர்னேட்டர் எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் லெட் ஆசிட் பேட்டரிக்குப் போகட்டும், அங்கிருந்து 30 அல்லது 40 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு. சார்ஜ் உச்சம் 14.0 முதல் 14.2 போதும், அப்புறம் 13.5-க்கு இறங்கட்டும். பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ். லித்தியம் ஷார்ட் ஆனால் பாயும் ஆயிரக்கணக்கான ஆம்பியரைச் சாதாரண ஃபியூஸ் அறுக்காமல் போகலாம்.

ஸ்டார்ட் பேட்டரியை எப்போதும் தனியாக வையுங்கள். அவசரத்துக்கு இரண்டையும் சேர்க்க ஒரு சுவிட்ச், அதுவும் இணைக்காத நிலையில். எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை 'ஆஃப்' வழியாகத் திருப்பாதீர்கள்.

கம்பியில் தொலைவது

பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் பைலட் 'லோ பேட்டரி' காட்டினால் கம்பியைச் சந்தேகியுங்கள். பைலட் உச்சத்தில் 10 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். போக வர 16 மீட்டர். 16-ஐ 10-ஆல் பெருக்கி, செம்பின் தடைஎண் 0.0175-ஆல் பெருக்கி, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் வோல்டேஜ் இழப்பு. 2.5 ஸ்கொயர் எம்.எம். கம்பியில் 1.12 வோல்ட் போய்விடும். 4-ல் 0.7. 10-ல் 0.28, அதாவது 3 சதவீதத்துக்குள். பைலட்டுக்கும் வழிகாட்டும் கருவிகளுக்கும் இந்த 3 சதவீதமே வரம்பு. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்ப முயன்று நின்றுவிடுவதும் பெரும்பாலும் இதே நோய்தான். கம்பி, வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பாக இருக்கட்டும். கம்பி முனையில் மாட்டும் லக்கைக் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி) பசையுள்ள சுருங்கு குழாய் போடுங்கள். சார்ஜ் ஓடும்போது ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பாருங்கள், சுடும் முனைதான் தளர்ந்த முனை.

அன்றாட ஒழுங்கு

காலை 6, நண்பகல், மாலை 6, நள்ளிரவு என நான்கு வேளையும் வோல்டேஜ், சதவீதம், அப்போதைய ஓட்டம் மூன்றையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரே நேரத்து எண்ணை முந்தைய நாளோடு ஒப்பிட்டால் சரிவு இரண்டாம் நாளே கண்ணில் படும்.

லித்தியத்தில் மாலை 6 மணிக்கு 75-க்குக் கீழே இருந்தால் இரவில் இணையப் பெட்டி அணையும், சார்ட்பிளாட்டர் வெளிச்சம் தாழும், நல்ல வெப்பக் காப்பு இருக்கும் ஃப்ரிட்ஜ் பத்து மணி முதல் ஆறு மணி வரை நிற்கும். 60-க்குக் கீழே என்றால் எஞ்சின், ஆனால் இரவைக் கடத்தத் தேவையானது மட்டும். நிரப்பி வைத்தால் காலை வெயிலை வாங்க இடமிருக்காது. ஏ.ஐ.எஸ்.-ம் வழிவிளக்கும் எந்த நிலையிலும் அணையக்கூடாது. மரத்து உச்சியின் மூவண்ண விளக்கு பாயில் ஓடும்போது மட்டும். எஞ்சினில் போகையில் அதை அணைத்துக் கீழ் விளக்குகளைப் போடுங்கள்.

செலவு எல்லா நாளும் ஒன்றல்ல. கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே மலாக்கா நோக்கிக் கப்பல்கள் நெரியும் முதல் இரண்டு மூன்று நாள், இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனையை நெருங்கும் கடைசி இரண்டு நாள், இவற்றில் ராடார் இரவு முழுக்க ஓடும், 10 என்பது 30 ஆகும். நடுவில் உள்ள நாள்களில் சேமியுங்கள்.

கெட்டால்

உச்சி வெயிலில் பேனல் 2 ஆம்பியர்தான் தருகிறது: கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, எதோடும் இணைக்காத நிலையில் அதன் வோல்டேஜை அளவிடுங்கள். பேனலின் முதுகில் எழுதியிருப்பதற்கு அருகில் இருந்தால் பேனல் பிழைத்திருக்கிறது, பேனல் கம்பியின் எம்.சி.4 இணைப்பானுக்குள் பச்சை பூத்திருக்கும். வெட்டிப் புதிது போடுங்கள். உப்பேறியதைச் சுரண்டினால் ஒரு வாரம்தான் தாங்கும்.

லித்தியம் திடீரென்று முழுச் சாவு, வோல்டேஜ் பூஜ்யம்: ஏதோ ஒரு செல் தாழ்ந்து பி.எம்.எஸ். துண்டித்துவிட்டது. இங்கே ஒரு கண்ணி உண்டு. பேட்டரி வோல்டேஜ் தெரியாமல் எம்.பி.பி.டி. பலவும் விழிக்காது, சார்ஜ் இல்லாமல் பி.எம்.எஸ். விழிக்காது. எல்லா லோடையும் அணைத்து, எஞ்சினைப் போட்டு, டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக எழுப்புங்கள். ஸ்டார்ட் பேட்டரியை லெட் ஆசிட்டாகத் தனியே வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

பக்க இணைப்பில் (பேரலல்) உள்ள லெட் ஆசிட்களில் ஒன்று மட்டும் சுடுகிறது: உள்ளே ஒரு செல் ஷார்ட். மற்றவை அதற்குள் வடிந்துகொண்டிருக்கும். உடனே கழற்றி ஒதுக்குங்கள், மிச்சத்தோடு ஓட்டுங்கள்.

உதிரியாக இரண்டு பெல்ட், ஒரு ரெகுலேட்டர், ஒரு கன்ட்ரோலர், எல்லா அளவிலும் ஃபியூஸ், லக், கிரிம்ப் கருவி. கையடக்க வி.எச்.எஃப்.-ம் கையடக்க ஜி.பி.எஸ்.-ம் நிறைந்த நிலையில் இருக்கட்டும். இடி மின்னல் நெருங்கினால் அவற்றை அடுப்பின் இரும்பு ஓவனுக்குள் வைத்து மூடுங்கள். ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் அவசர பீக்கனின் பேட்டரிக் காலாவதித் தேதியைக் கிளம்பும் முன்பே பாருங்கள், அதைப் படகில் சார்ஜ் செய்ய முடியாது.

கரை தெரிந்ததும் பேட்டரியை மறந்துவிடாதீர்கள். நங்கூர விஞ்ச் 80, 100 ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே நங்கூரத்தை இறக்கி, பிடித்ததா என்று பார்த்து, அப்புறம் எஞ்சினை நிறுத்துங்கள். படகைச் சில வாரம் விட்டுப் போவதாக இருந்தால் லித்தியத்தை 50, 60 சதவீதத்தில் நிறுத்தி லோடுகளைத் துண்டியுங்கள், பில்ஜ் பம்பைத் தவிர.